விசிலை ஏன் கையில் வைத்திருந்தேன்

சென்ற மாதம் தேனியில் இளம் கபடி நடுவர்களுக்குப் பயிற்சி முகாம் ஒன்று நடந்தது. பணி ஓய்வு பெற்றவன் என்ற தகுதியில் என்னை இரண்டு மணி நேரம் பேச அழைத்திருந்தார்கள். வரும் ஆட்டப் பருவத்துக்கான உடை விதிகளை அச்சடித்துக் கையில் கொடுத்தார்கள். மணிக்கட்டுப் பட்டை கூடுமா, பச்சை குத்திய தோளை மறைக்க வேண்டுமா, புள்ளி எடுத்தவர் தரையைத் தொட்டுக் கும்பிட எத்தனை நொடி தரலாம் என்றெல்லாம் பேச்சு நடந்தது. எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். முடிவில், போடியிலிருந்து வந்திருந்த ஒரு பெண் நடுவர் எழுந்தார்.

"ஐயா, நாங்க எல்லாரும் விசிலைப் பல்லுல கடிச்சுக்கிட்டுத்தான் நிக்கிறோம். நீங்க மட்டும் கடைசி வரைக்கும் கையிலதான் வச்சிருந்தீகன்னு சொன்னாக. கை வாய்க்குப் போறதுக்குள்ள ஒரு பாயிண்ட் போயிருமே, அது என்ன கணக்கு?"

"அது ஒரு பழக்கம், அம்மா" என்று சொல்லிச் சிரித்துவிட்டு அமர்ந்தேன்.

வீட்டுக்கு வந்து விளக்கேற்றி மாலைப் பதிகம் ஓத வாயெடுத்தபோது குரல் எழவில்லை. திருநீறு துலங்கும் நெற்றியோடு ஒரு பெண்பிள்ளையிடம் மழுப்பிவிட்டு வந்தவன் எந்த வாயால் ஓதுவது? ஆகவே, அந்தப் பழக்கம் வந்த கதையை எழுதிவிடுவதென்று முடிவு செய்தேன். கேட்டவர் ஒருவரே ஆயினும், விடை எல்லா நடுவர்களுக்கும் உரியது.

என் பிழைப்பு உடற்கல்வி ஆசிரியர் பணி. வடுகபட்டியில் வீடு, பெரியகுளம் பக்கத்துப் பள்ளியில் வேலை. நடுவர் தேர்வை எழுதியது தொண்ணூற்றாறில், நாற்பதைக் கடந்த பின். விதிநூலை மனப்பாடம் செய்வது எனக்குக் கடினமாயில்லை. பதிகங்களைப் பண்ணோடு பாடம் செய்த மூளைக்கு, நடுக்கோட்டிலிருந்து தொடுகோடு எத்தனை மீட்டர் என்பது ஒரு பொருட்டா? தேர்வில் முதல் வரிசையில் தேறினேன். ஆடுகளத்தில் எதுவும் தெரியாதவனாக இருந்தேன். தெரியவைத்தவர் தேவசகாயம் அண்ணாச்சி.

அண்ணாச்சி எங்கள் பள்ளத்தாக்குக் கபடி லீக்கின் தலைமை நடுவர். தேனிக் கடைவீதியில் இரும்புக் கடை வைத்திருந்தார். ஞாயிறு காலை தேவாலயம், ஞாயிறு மாலை ஆடுகளம். இரண்டுக்கும் ஒரே வெள்ளைச் சட்டை. ஆடுகளம் போடும் நாளில் கடையிலிருந்து அளவு நாடா, கொத்தனார் நூல், நான்கு இரும்பு முளைகள், ஒரு பை சுண்ணாம்புத் தூள் ஆகியவற்றோடு வருவார். முதலில் மூலைக்கு மூலை குறுக்கே அளப்பார். இரண்டு குறுக்களவும் ஒன்றாக வராவிட்டால், போட்ட கோட்டை முழுவதும் காலால் அழித்துவிட்டு மறுபடி தொடங்குவார். ஒருமுறை, ஊர்த் தலைவர் மாலையும் கையுமாகக் காத்திருக்க, மூன்றாம் முறை அழித்தார். "ரெண்டு வெரக்கடைதானே அண்ணாச்சி" என்று யாரோ சொன்னார்கள். "அந்த ரெண்டு வெரக்கடையிலதான்யா ஒருத்தன் தோக்கப் போறான்" என்றார் நிமிராமலே.

கோடு முடிந்ததும் வீரர் சோதனை. அதை அவர் செய்யும் முறை ஒரு பூசையின் ஒழுங்கை ஒத்தது. எண்ணிக்கைப் பலகையருகே ஒரு மேசை; மேசையின்மேல் ஒரு பழைய பிஸ்கட் டப்பா; டப்பாவுக்குள் வெள்ளைத் துண்டு. வரிசையில் வருகிறவர் முதலில் இரு கைகளையும் நீட்ட வேண்டும். ஒவ்வொரு விரல் நுனியையும் அண்ணாச்சி தம் கட்டைவிரலால் தடவிப் பார்ப்பார். நகம் நெருடினால் சட்டைப் பையிலிருந்து நகவெட்டி வரும். பிறகு ஒரு வெள்ளைக் கைக்குட்டையால் தொடையிலும் முன்கையிலும் ஒரு தேய்ப்பு. பிடி வழுக்குவதற்காக எண்ணெய் பூசி வருகிறவன் அங்கே அகப்படுவான். பிறகு மோதிரம், காப்பு, தாயத்து, அரைஞாண், மணிக்கட்டுக் கயிறு எல்லாம் கழன்று டப்பாவுக்குள் போகும். லீக்கின் உடை விதியில் அது நான்காவது: உடம்பில் தொங்குவதோ சுற்றியிருப்பதோ எதுவும் கூடாது.

சோதனையைத் தொடங்குமுன் அண்ணாச்சி ஒரு காரியம் செய்வார். தம் கழுத்திலிருந்த சிறிய சிலுவைச் சங்கிலியையும் கல்யாண மோதிரத்தையும் கழற்றி முதலில் அந்த டப்பாவுக்குள் இடுவார். அதைக் கண்டபின் எந்த வீரனும் தன் தாயத்துக்காக வாதாடி நான் பார்த்ததில்லை.

என் முதல் போட்டி வடுகபட்டிப் பூண்டு மண்டிக்குப் பின்னாலிருந்த பொட்டலில் நடந்தது. சித்திரை வெயில். சொந்த ஊர் என்ற பெருமிதத்தில், நீரில் குழைத்த திருநீற்றை மூன்று பட்டையாக நெற்றி நிறைய அணிந்து, கழுத்தில் உருத்திராக்கம் விளங்கக் களமிறங்கினேன். பத்தாம் நிமிடத்தில் வியர்வை பெருகியது. பட்டை கரைந்து இமைக்குள் இறங்கிற்று. ஒருவன் போனஸ் கோட்டைத் தாண்டிக் கால் வைத்தபோது நான் கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தேன். புள்ளி தரவில்லை.

"நடுவரு கண்ணை மூடித் தியானத்துல இருக்காருப்பா, தொந்தரவு பண்ணாதீக!" என்று கூட்டத்திலிருந்து ஒரு குரல். பொட்டலே சிரித்தது.

இடைவேளையில் அண்ணாச்சி என்னிடம் வந்தார். கடிந்துகொள்வார் என்று எதிர்பார்த்தேன். தம் கைக்குட்டையை நீட்டினார்.

"ஈரத்துல போடாதிய சார். காஞ்ச விபூதியா ஒரு கீத்துப் போடுங்க. சாமி கோவிச்சுக்கிட மாட்டாரு. அப்புறம் அந்தக் கொட்டையையும் எங்கிட்டக் குடுங்க" என்றார்.

நான் தயங்கினேன். தீட்சை பெற்ற நாள் முதல் அது கழுத்தை விட்டு இறங்கியதில்லை.

"நாலாவது விதி ஆடுறவனுக்கு மட்டுந்தானே அண்ணாச்சி?"

"எழுதுனது அவனுக்குத்தான். ஆனா, கழட்டச் சொல்லுற வாய் நம்ம வாயில்லா?"

உருத்திராக்கத்தைக் கழற்றிக் கொடுத்தேன். அவர் அதைத் தம் சிலுவையின் அருகில் துண்டின்மேல் வைத்து டப்பாவை மூடினார். "கெடக்கட்டும், ரெண்டும் பேசிக்கிட்டிருக்கட்டும்" என்றார். அன்று முதல் பதினான்கு ஆண்டுகள், போட்டி தோறும் அவை இரண்டும் அந்த டப்பாவுக்குள் பேசிக்கொண்டுதான் இருந்தன.

இனி, விசிலின் கதைக்கு வருகிறேன்.

புத்தாயிரம் பிறந்து இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகியிருக்கும். லீக்கின் இறுதிப் போட்டி அந்த ஆண்டு ஐப்பசியில் கம்பத்தில் நடப்பதாக இருந்தது. வடகிழக்குப் பருவமழை வேறு முடிவு செய்தது. இருமுறை போட்ட கோடுகளும் சுண்ணாம்புப் பாலாக ஓடின. மூன்றாம் முறை நாள் குறித்தபோது கார்த்திகை பிறந்து பத்து நாள் ஆகிவிட்டது. அந்த ஆண்டு ரமலான் நோன்பும் அதே நாள்களில் வந்து சேர்ந்தது. எங்கள் பள்ளத்தாக்கில் கார்த்திகை என்றால் என்னவென்று வெளியூரார்க்குச் சொல்ல வேண்டும். சபரிமலைக்குப் போகும் வண்டிகள் இரவு பகலாகக் கம்பம் வழியே குமுளிக்கு ஏறும். கடைத்தெருவில் இரண்டில் ஒருவர் கறுப்போ காவியோ கட்டியிருப்பார். மாலையணிந்தவரை, வயது எதுவாயினும் சாதி எதுவாயினும், எல்லோரும் 'சாமி' என்றே அழைப்பார்கள். வண்டியிலிருந்து ஒருவர் 'சாமியேய்' என்று குரல் கொடுத்தால், வெங்காயம் நிறுத்துக்கொண்டிருப்பவரும் தராசைப் பார்த்தபடியே 'சரணம் ஐயப்பா' என்பார். எண்ணிச் சொல்வதில்லை, தும்மலைப்போல் அது தானே வரும்.

இறுதிப் போட்டியில் கம்பம் அணியும் உத்தமபாளையம் அணியும் மோதின. கம்பம் அணியின் உயிர்நாடி சுருளிவேல். காமயகவுண்டன்பட்டித் திராட்சைத் தோட்டங்களில் பந்தல் வேலை செய்பவன். பந்தல் கம்பி இழுத்து இழுத்து உரமேறிய தோள். பிடித்தவரைத் தூக்கிக்கொண்டே நடுக்கோட்டுக்கு வருவான். உத்தமபாளையம் அணியின் தலைவன் காதர். கணுக்காலைப் பிடித்தால் விடாத கை. அன்று சென்னையிலிருந்து ஒரு பெரிய நிறுவனத்தின் கபடி அணிக்கு ஆள் தேர்ந்தெடுக்க ஓர் அதிகாரி வந்து, முன்வரிசை நாற்காலியில் அமர்ந்திருந்தார். ஓரிடம் காலி. நிரந்தர வேலை. சுருளிவேலுக்கு அடுத்த ஆண்டு வயது வரம்பு கடந்துவிடும். அவனுக்கு அந்த மாலைப்பொழுதுதான் கடைசி வாய்ப்பு. இது மைதானத்தில் எல்லோருக்கும் தெரியும்.

சோதனை வரிசையில் சுருளிவேல் வந்து நின்றான். தாடி, நெற்றியில் சந்தனம், கழுத்தில் செப்புக் கம்பியில் கோத்த துளசிமணி மாலை. ஆண்டுதோறும் கார்த்திகை முதல் நாள் மாலை போடுகிறவன் அவன். போட்டி ஐப்பசியிலேயே முடிந்துவிடும் என்று நம்பியிருந்தான்.

அண்ணாச்சி அவனை ஏற இறங்கப் பார்த்தார். கைக்குட்டையால் தொடையைத் தேய்த்தார். விரதக்காரன் எண்ணெய் தொடுவதில்லை. கைக்குட்டை மல்லிகைபோல் வெளுப்பாக வந்தது. காலில் செருப்பில்லை, காலணி கட்டாயம் என்று விதி எழுதும் அளவுக்கு எங்கள் அணிகளிடம் காலணியும் இல்லை. கறுப்பு உடுக்க வேண்டுமே என்றால், கம்பம் அணியின் அரைக்கால்சட்டை முன்பே கறுப்பு. அதுவரை எல்லாம் ஐயன் அருள்.

"சாமி, கையை நீட்டுங்க" என்றார் அண்ணாச்சி.

பத்து விரலிலும் நகம் நெருடியது. விரதத்தில் முடியும் நகமும் களைவதில்லை. மாலை போடுவதற்கு முதல் நாள் வெட்டியதாம். பத்து நாளில் வளர்ந்துவிட்டது. நகவெட்டி வெளியே வந்தது. சுருளிவேல் கையை இழுத்துக்கொண்டான்.

"அண்ணாச்சி, நகமும் வெட்டக் கூடாது, மாலையும் கழட்டக் கூடாது. நான் என்ன செய்ய?"

"கழட்டாம உள்ள விட முடியாது சாமி. அந்தக் கம்பியில ஒருத்தன் கை மாட்டுச்சுன்னா உங்க குரல்வளையில்லா போகும்?"

"போனாப் போகுது அண்ணாச்சி."

"உங்களுக்குப் போகும். புடிச்சவன் காலத்துக்கும் தூங்குவானா?"

சுருளிவேலின் அணியினர் மேசையைச் சுற்றிக் கூடினார்கள். "ஏலே, கழட்டிட்டு ஆடுடா, வேலைடா" என்று ஒருவன் காதோரம் கெஞ்சினான். "சாமியை 'ஏலே'ங்கிறியே, வாயில அடி" என்று அவனை இன்னொருவன் அதட்டினான். உத்தமபாளையத்தார் ஒதுங்கி நின்றார்கள். அண்ணாச்சி என்னைப் பார்த்தார். "சார், இது உங்க பாடம். சொல்லுங்க."

எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். மாலையை அணிவித்த குருசாமியின் கையன்றி வேறு கை அதில் படலாகாது. "இவருடைய குருசாமி எங்கே?" என்று கேட்டேன். கூட்டத்திலேயே இருந்தார். காமயகவுண்டன்பட்டியில் தையல் கடை வைத்திருக்கும் பெரியவர். பதினெட்டு முறைக்குமேல் மலை ஏறியவர். அவரை மேசைக்கு அழைத்து வந்தோம். அண்ணாச்சி எழுந்து நின்று நாற்காலி கொடுத்தார். விதி என்ன, விதி ஏன் என்று இரண்டே வாக்கியத்தில் சொன்னார். பெரியவர் கண்ணை மூடிக் கேட்டார்.

"கம்பிதானே ஆபத்து?"

"ஆமாங்க."

"கழுத்து வெறுங்கழுத்தா இருக்கக் கூடாது, அம்புட்டுத்தான். மணி நூத்தியெட்டு வேணுமா ஒண்ணு போதுமான்னு சாமி எண்ணிப் பாக்க மாட்டாரு."

தம் சட்டைப் பையிலிருந்து நூற்கண்டை எடுத்தார். தையற்காரர் பையில் அது இல்லாமலா போகும்? மாலையின் முனையிலிருந்து ஒரே ஒரு துளசி மணியைப் பிரித்து, ஒற்றை இழை நூலில் கோத்து, சரணம் சொல்லி முதலில் அதைக் கழுத்தில் கட்டினார். பிறகே கம்பி மாலையைக் கழற்றினார். நொடிப்பொழுதும் கழுத்து வெறுமையாகவில்லை. இழுத்தால் நூல் அறும்; கழுத்து அறாது. நூல் அறுந்தால் விரதத்துக்குப் பங்கமாயிற்றே என்று, அந்த ஒற்றை மணியை நான் நெஞ்சோடு சேர்த்து மருத்துவப் பிளாஸ்திரியால் நான்கு பக்கமும் ஒட்டினேன். அண்ணாச்சி பிஸ்கட் டப்பாவிலிருந்த பழந்துண்டை எடுத்துவிட்டு, தம் தோளில் கிடந்த புதுத்துண்டை விரித்து நீட்டினார். பெரியவர் மாலையை அதில் வைத்தார். மாலை, சிலுவை, உருத்திராக்கம். அன்று டப்பாவுக்குள் பேச்சு இன்னும் கலகலப்பாக இருந்திருக்கும்.

நகம் மிஞ்சியது. "நகத்துக்கு எங்கிட்ட வழி இல்லீக" என்றார் குருசாமி. "எங்கிட்ட இருக்கு" என்றேன். ஒரு சுருள் பிளாஸ்திரி முழுவதையும் செலவிட்டு, பத்து விரல் நுனியையும் ஒவ்வொன்றாகச் சுற்றினேன். அண்ணாச்சி மறுபடி கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். வலது சுண்டுவிரலில் ஓரம் தூக்கியிருந்தது. அதை உரித்து மீண்டும் சுற்றச் சொன்னார். சுற்றினேன். "இப்பப் போகலாம் சாமி."

நூலுக்கும் பிளாஸ்திரிக்கும் எதிரணித் தலைவன் ஒப்ப வேண்டும் என்பதற்காகக் காதரை அழைத்தோம். காலை முதல் ஒரு மடக்குத் தண்ணீரும் அருந்தாத நோன்பு வாய். ஆயினும் சிரிப்புக்குக் குறைவில்லை. சுருளிவேலின் கைகளைப் பிடித்துப் புரட்டிப் பார்த்தான்.

"என்ன சாமி, ஆஸ்பத்திரியிலேருந்தா நேரா வர்றீக?"

"நீ புடிக்கிற புடியில அங்கனதான போகணும் காதரு, முன்கூட்டியே கட்டுப் போட்டுக்கிட்டேன்."

ஆட்டம் நான்கரைக்குத் தொடங்கியது. நான் கள நடுவர். அண்ணாச்சி மேசையருகே தலைமை நடுவர். அப்போதெல்லாம் நானும் மற்றவர்களைப்போல் விசிலைப் பல்லிடுக்கில் கடித்தபடியே நிற்பேன்.

அந்த ஆட்டத்தில் இருந்த வேடிக்கை வேறெந்த ஆட்டத்திலும் இல்லை. உத்தமபாளையம் அணியில் காதர் ஒருவனுக்குத்தான் அது வெறும் அழைப்பு; மற்றவர்களுக்குச் சுருளிவேல் மெய்யாகவே 'சாமி'. அவன் பாடி வரும்போது "சாமி வர்றாரு, ஒதுங்கு" என்பார்கள். மாலையணிந்தவர் காலைப் பிடிப்பது வணக்கமாயிற்றே. ஒருவன் காலைப் பிடித்துக் கவிழ்த்துவிட்டு, எழுந்ததும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். அவன் அணியினரே அவனைத் திட்டினார்கள். சாலையில் போன யாத்திரை வண்டிகள் இரண்டு நின்றுவிட்டன. கறுப்பு உடுத்த சாமிமார் கூரைமேல் ஏறி அமர்ந்து பார்த்தார்கள். அதுவரை அந்த அளவு பக்திமயமான கூட்டத்தை நான் கோயிலில்கூடக் கண்டதில்லை.

கடைசிப் பாட்டு. உத்தமபாளையம் ஒரு புள்ளி முன்னே. பாடப் போனவன் சுருளிவேல். அறியாதவர்க்கு ஒரு சொல்: பாடிச் செல்பவன் எதிர்க்களத்தில் இருக்கும்வரை ஒரே மூச்சில் 'கபடி, கபடி' என்று விடாமல் கேட்கும்படி சொல்ல வேண்டும். பிடிபட்ட நிலையில் அந்தச் சொல் நின்றாலும் மாறினாலும் அவன் வெளியேற்றம். சொல் நிற்காமல் விரல் நுனி நடுக்கோட்டைத் தொட்டால், அவனைப் பிடித்தவர் அத்தனை பேரும் வெளியேற்றம்.

அவன் இடது மூலையில் நுழைந்தான். காதர் பாய்ந்து கணுக்காலைப் பற்றினான். அடுத்த கணம் இடுப்பில் ஒருவன், தோளில் ஒருவன், தொடையில் ஒருவன், நால்வர். சுருளிவேல் மண்ணில் விழுந்தான். விழுந்தும் நகர்ந்தான். நால்வரையும் இழுத்துக்கொண்டு, முழங்கையால் மண்ணை உழுதுகொண்டு வந்தான். கோட்டுக்கும் பிளாஸ்திரி சுற்றிய விரலுக்கும் ஒரு முழம். நான் கோட்டோடு குனிந்து அவன் வாயருகே காதை வைத்தபடி நகர்ந்தேன். கபடி, கபடி, கபடி. மூச்சு தேய்ந்தது. கண் பிதுங்கிற்று. ஒரு சாண். அப்போது, அடிவயிற்றிலிருந்து எஞ்சிய மூச்சையெல்லாம் திரட்டி அவன் கத்தினான்:

"சாமியேய்!"

கூட்டம் முழுவதும், வண்டிக் கூரைமேல் இருந்தவர்கள், எண்ணிக்கைப் பலகை எழுதியவர், அவன் இடுப்பையும் தோளையும் தொடையையும் பிடித்திருந்த மூவர் உட்பட, ஒரே குரலில் பதில் கொடுத்தார்கள்:

"சரணம் ஐயப்பா!"

கை கூப்பும் பழக்கத்தில் மூவர் பிடியும் தளர்ந்தது. சுருளிவேல் ஒரு துள்ளுத் துள்ளினான். விரல் கோட்டைத் தொட்டது. அதற்கு இமைப்பொழுது முன்பே என் விசில் ஒலித்துவிட்டது.

எல்லாக் கண்களும் என்மேல். நான் நிமிர்ந்து, கையை உயர்த்தி, சொல் மாறியதைக் காட்டி, சுருளிவேலை வெளியேற்றினேன். புள்ளி உத்தமபாளையத்துக்கு. ஆட்டம் முடிந்தது, கம்பம் தோற்றது.

முதலில் ஒரு முணுமுணுப்பு, பிறகு கூச்சல். "ஏலே, சாமி பேரைச் சொன்னாத் தப்பாடா? நெத்தியில பட்டை எதுக்கு?" என்று ஒருவர் என்னை நோக்கி வந்தார். அவரை மறித்தவர் குருசாமி.

"சாமியைக் கூப்பிடுறதுக்கு மலை இருக்கு. இங்கன கபடின்னு சொல்றதாத்தான் ஒத்துக்கிட்டு உள்ள போனான். போங்கய்யா" என்றார்.

சுருளிவேல் எழுந்து உட்கார்ந்தான். பத்து விரலையும் பார்த்துக்கொண்டான். நெஞ்சைத் தடவி, மணி இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தான். இருந்தது. என்னைப் பார்த்துக் கை கூப்பினான். "என்னையறியாம வந்துருச்சு சார்." காதர் இன்னும் கணுக்காலை விடாமல் மண்ணில் கிடந்தான். தன் ஆட்களைப் பார்த்து, "எல்லாரும் சரணம் சொல்லப் போயிட்டீக, நான் ஒத்தை ஆளு நோம்பு வயித்தோட இழுபட்டுக் கெடக்கேன். இனிமே கார்த்திகையில மேட்ச்சு வச்சா நான் வரலைப்பா!" என்றான். கோபமாக வந்தவர்கூடச் சிரித்துவிட்டார்.

அதிகாரி மேசைக்கு வந்து, விடாமல் பிடித்தவரின் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டார். ஓரிடம் காதருக்குப் போயிற்று. சூரியன் மலைக்குப் பின் இறங்கியதும் காதர் நோன்பு திறந்த பேரீச்சம்பழத்தில் இரண்டைச் சுருளிவேலின் கையில் வைத்தான். பிளாஸ்திரி சுற்றிய விரல்களால் அவற்றைப் பிடிக்கத் தெரியாமல் அவன் தவித்தது இன்றும் கண்ணில் நிற்கிறது.

எல்லோரும் என் நேர்மையைப் பாராட்டினார்கள். 'பக்தர், ஆனாலும் விதிக்கு முன் கடவுளையே வெளியேற்றியவர்' என்று லீக் வட்டாரத்தில் ஒரு பேரும் பரவிற்று. பாராட்டு வர வர எனக்கு உறக்கம் குறைந்தது. உண்மை எனக்குத்தான் தெரியும். அன்று அந்த விசிலை நான் ஊதவில்லை.

'சாமியேய்' என்ற குரல் காதில் விழுந்ததும், எல்லோரையும்போல் நானும் வாய் திறந்து 'சரணம் ஐயப்பா' என்றுதான் சொல்லப் போனேன். பல்லிடுக்கில் விசில் இருந்தது. என் சரணம் விசிலாக வெளிப்பட்டது. அந்த ஒலியைக் கேட்டுத் திடுக்கிட்ட பிறகுதான் விதி நினைவுக்கு வந்தது. தீர்ப்பு சரி, ஐயமில்லை. ஆனால் விசில் தானே ஒலித்திராவிட்டால், ஒரு சாண் தொலைவில் ஒருவனுடைய வாழ்வு கிடக்க, இறைவன் பெயர் அவன் வாயில் இருக்க, நான் ஊதியிருப்பேனா?

அடுத்த வாரம் ஒரு மாலை, இரும்புக் கடைக்குப் போய் அண்ணாச்சியிடம் சொன்னேன். ஆணி நிறுத்துக்கொண்டிருந்தவர் தராசைக் கீழே வைத்தார். முதலில் தோள் குலுங்கிற்று. பிறகு கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். ஓய்ந்ததும் சொன்னார்:

"விதி சரி. விசிலும் சரி. ஊதுன ஆளுதான் சரியில்ல."

"நான் விலகிவிடட்டுமா அண்ணாச்சி?"

"எதுக்கு? கார்த்திகை மாசம் விசிலைக் கையில வச்சுக்கிடுங்க. அம்புட்டுத்தான்."

"மற்ற மாதங்களில்?"

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதற்கு மேலாக என்னைப் பார்த்தார். "மத்த மாசத்துல மட்டும் நீங்க வாயை மூடிக்கிட்டா இருக்கிய? பாதி நேரம் பதிகமில்லா முணுமுணுக்கிய."

அவ்வளவுதான் அந்தக் கணக்கு. அன்று கைக்கு வந்த விசில் இரண்டாயிரத்துப் பத்தில் நான் ஓய்வு பெறும்வரை கையிலேயே இருந்தது. அதனால் ஓரிரு புள்ளிகள் தாமதமாயிருக்கலாம். ஆனால் ஒவ்வொரு முறையும் அதை வாய்க்கு உயர்த்தியது நானே என்பது எனக்குத் தெரியும்.

மலைக்குப் போய்த் திரும்பிய சுருளிவேல் அரவணைப் பாயசத்தோடு வடுகபட்டிக்கு வந்தான். அவனிடமும் சொன்னேன். சொல்லாமல் அந்தப் பிரசாதத்தை வாங்க எனக்குக் கை வரவில்லை. வாய் பிளந்து கேட்டவன், பிறகு வழித்த தாடையைத் தடவிக்கொண்டு சிரித்தான்.

"அப்ப நீங்களும் நம்ம கூட்டந்தானா சார்?"

"விசில் வாயில் இல்லாதிருந்தால் ஊதியிருப்பேனா என்று தெரியவில்லை, சுருளி."

"ஊதியிருப்பீக சார். சுண்டுவெரல்ல ஓரம் தூக்குனதுக்கே உரிச்சு மறுக்காச் சுத்துன ஆளுக நீங்க ரெண்டு பேரும். வெரலுக்கே விடாதவுக வாய்க்கு விட்டுருவீகளா?"

அந்த விடை சரியா என்று எனக்கு இன்றும் தெரியாது. சரியாக இருக்கட்டும் என்று நாள்தோறும் வேண்டிக்கொள்கிறேன். சுருளியின் வயது வரம்பு முடிவதற்குள், மாசி மாதத்தில், அதே அணியில் இன்னோர் இடம் காலியாயிற்று. "என் கையில சிக்கி நாலு பேரை இழுத்துக்கிட்டு வந்தவன் ஒருத்தன் இருக்கான்" என்று போய்ச் சொன்னவன் காதர். தேர்வு நாளில், மழமழவென்று முகம் வழித்துச் சென்றிருந்த சுருளியை அந்த அதிகாரிக்கு அடையாளமே தெரியவில்லையாம். இருவரும் ஒரே அணியில் எட்டு ஆண்டுகள் ஆடினார்கள். சென்னையில் அடுத்தடுத்த தெருவில் குடியிருக்கிறார்கள்.

கார்த்திகை முதல் நாள் விடியற்காலையில் என் வீட்டுத் தொலைபேசி இன்றும் ஒலிக்கிறது. எடுத்தால் யாரென்று சொல்வதில்லை. ஒரே ஒரு குரல், அடிவயிற்றிலிருந்து: "சாமியேய்!" பின்னால் காதர் சிரிப்பது கேட்கும். இருவரும் நான் என்ன சொல்கிறேன் என்று மூச்சடக்கிக் காத்திருப்பார்கள்.

வாயில் ஒன்றும் இல்லை என்று ஒருமுறை பார்த்துக்கொண்டு, நான் நிதானமாகப் பதில் சொல்கிறேன்.